திருச்சபையின் முத்திரை எந்தக் கட்சிக்கு?

தேர்தல் அறிவிப்பு வெளிவந்த நாள் முதல் நம் பங்குகளில் இரண்டு குரல்கள் எழத் தொடங்குகின்றன. "யாருக்கு வாக்களிக்க வேண்டுமென்று ஆயர் இல்லத்திலிருந்து ஏதேனும் சுற்றறிக்கை வந்ததா?" என்பது ஒன்று. "யாருக்குப் போட்டால் என்ன? எல்லாரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தாமே!" என்பது மற்றொன்று. முதலாவது, தன் பொறுப்பை மேலிடத்தில் இறக்கிவைக்க இடம் தேடுகிறது. இரண்டாவது, அதனைத் தெருவிலே எறிந்துவிடப் பார்க்கிறது. ஒன்றுக்கொன்று மாறுபட்டவைபோலத் தோன்றினும் இவ்விரு குரல்களும் உடன்பிறந்தவையே. கடவுள் ஒவ்வொருவருக்கும் தந்துள்ள மனச்சான்றின் பணியை இரண்டும் தட்டிக்கழிக்கின்றன.

திருச்சபை ஒரு கட்சிக்குத் தன் முத்திரையை இட்டால் என்ன நேரும்? இது வெறும் கற்பனைக் கேள்வி அன்று. கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் இரு நாடுகள் அதனைச் செய்து பார்த்திருக்கின்றன. ஒரு நாட்டில் ஒரு கட்சி கண்டிக்கப்பட்டது. மற்ற நாட்டில் ஒரு கட்சி ஆசீர்வதிக்கப்பட்டது. இரண்டின் விளைவும் நமக்குப் பாடமாகும்.

சின்னப்பர் கரையேறிய தீவு

மத்தியதரைக் கடலில் சிசிலிக்குத் தெற்கே அமைந்துள்ள சிறு நாடு மால்டா. புனித சின்னப்பர் கைதியாக உரோமைக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது, அவரும் கப்பலிலிருந்தோருமாக 276 பேர் உயிர் தப்பிக் கரையேறிய தீவு இதுவே என்று அப்போஸ்தலர் பணி நூல் உரைக்கிறது. தம் விசுவாசம் அன்றே வேரூன்றியது என்பது அத்தீவு மக்களின் பெருமை.

அந்நாடு பிரித்தானியர் ஆட்சியில் இருந்த காலத்தில், 1930 மே முதல் நாள், மால்டா, கோசோ ஆகிய இரு மறைமாவட்டங்களின் ஆயர்களும் ஒரு மேய்ப்புப்பணி மடல் வெளியிட்டனர். ஸ்டிரிக்லாந்து பிரபுவின் கட்சிக்கு வாக்களிப்பது கனமான பாவம் என்று அம்மடல் அறிவித்தது. ஸ்டிரிக்லாந்தோ ஒரு கத்தோலிக்கர், அன்றைய பிரதமர். நடைபெறவிருந்த தேர்தல் நிறுத்திவைக்கப்பட்டது.

அம்மடலில் கையொப்பமிட்ட கோசோ ஆயர் மிக்கேல் கொன்சி பின்னர் மால்டாவின் பேராயரானார். அவரது காலத்தில் தொழிற்கட்சியின் தலைவராயிருந்த டாம் மின்டாஃபுக்கும் திருச்சபைக்கும் இடையே பிணக்கு முற்றிற்று. கம்யூனிசம் தம் தீவிலும் நுழைந்துவிடுமோ என்று பேராயர் அஞ்சினார். அவ்வச்சம் முற்றிலும் ஆதாரமற்றதெனக் கூற இயலாது. அதே காலத்தில் கிழக்கு ஐரோப்பிய நாடுகளில் ஆயர்களும் குருக்களும் சிறையில் வாடினர். ஆயினும் அந்த அச்சம் தேர்ந்துகொண்ட ஆயுதமே துன்பத்துக்கு வித்தாயிற்று.

1961 ஏப்ரல் 8-ஆம் நாள் தொழிற்கட்சியின் நிர்வாகக் குழுவினர்மீது அருட்சாதனத் தடை விதிக்கப்பட்டது. அக்கட்சியின் இதழ்களை விற்பதும் படிப்பதும் சாவான பாவம் எனப்பட்டது. தொழிற்கட்சியினரின் திருமணங்கள் பீடத்தின் முன்னன்றிச் சக்கிறீஸ்து அறையில் நிறைவேற்றப்பட்டன. அக்கட்சி கூட்டம் நடத்துகையில் பேச்சு காதில் விழாதவாறு ஆலய மணிகள் அடிக்கப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பரில் கட்சியின் துணைத் தலைவர் எல்லுல் மெர்செர் இறந்தபோது, அவருடைய உடல் கல்லறைத் தோட்டத்தின் மந்திரிக்கப்படாத பகுதியில் அடக்கம் செய்யப்பட்டது. கணவன் கட்சிக்காரன், மனைவி ஆலயப் பற்றுள்ளவள் என்ற நிலையிலிருந்த இல்லங்களில் அமைதி என்னாயிருக்கும் என்பதை நம் குடும்பத் தலைவியர் எண்ணிப் பார்க்கட்டும்.

1962 பிப்ரவரியில் தேர்தல் நடைபெற்றது. 50 இடங்களில் தேசியக் கட்சி 25 இடங்களையும், தொழிற்கட்சி 16 இடங்களையும் பெற்றன. முத்திரை அன்றைய தேர்தலில் பயன் தந்தது உண்மையே. ஆனால் மூன்றில் ஒரு பங்கு வாக்காளர்கள், பாவம் என்று அறிந்திருந்தும், அக்கட்சிக்கே வாக்களித்தனர். அவர்கள் விசுவாசத்தைத் துறந்தவர் அல்லர். விசுவாசத்துக்கும் வயிற்றுப்பாட்டுக்கும் இடையே நிறுத்தி வைக்கப்பட்ட தொழிலாளரே.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிந்தபின் காற்று மாறிற்று. 1969 ஏப்ரல் 4-ஆம் நாள் திருச்சபையும் தொழிற்கட்சியும் சமாதான உடன்பாடு கண்டன. அரசியல் சமூகமும் திருச்சபையும் வேறுவேறு என்பதும், அரசியல் காரியத்தில் சாவான பாவம் என்ற தண்டனையைத் திருச்சபை விதிப்பதில்லை என்பதும் அதில் எழுதப்பெற்றன. 1971 தேர்தலில் தொழிற்கட்சி 28 இடங்களும் எதிர்த்தரப்பு 27 இடங்களும் பெற, மின்டாஃப் ஆட்சியில் அமர்ந்தார். ஆயினும் பழைய புண் எளிதில் ஆறவில்லை. 1984-இல் கத்தோலிக்கப் பள்ளிகள் பற்றியெழுந்த சச்சரவின்போது பேராயர் அலுவலகமே தாக்கப்பட்டுச் சூறையாடப்பட்டது. ஒரு தேர்தலில் பெற்ற வெற்றிக்கு இருபதாண்டுக் காலம் விலை கொடுக்க வேண்டியதாயிற்று.

முத்திரை பெற்ற கட்சி

இனி இத்தாலிக்கு வருவோம். இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், 1948 ஏப்ரல் 18-ஆம் நாள் நடைபெற்ற தேர்தலில் கிறிஸ்தவ சனநாயகக் கட்சி ஒருபுறமும், கம்யூனிஸ்டுகளும் சோசலிஸ்டுகளும் இணைந்த முன்னணி மறுபுறமும் நின்றன. கத்தோலிக்கச் செயல் இயக்கத்தைச் சேர்ந்த லூயிஜி கெட்டா என்பவரின் தலைமையில் குடிமக்கள் குழுக்கள் அமைந்து, பங்குகள்தோறும் வாக்குச் சேகரித்தன. கிறிஸ்தவ சனநாயகக் கட்சி நூற்றுக்கு 48 விழுக்காட்டுக்கு மேல் வாக்குகள் பெற்றது. அடுத்த ஆண்டு கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான தடையுத்தரவும் உரோமையிலிருந்து வெளிவந்தது.

அக்கட்சியின் தலைவராயிருந்த அல்சிதே தெ கஸ்பெரி ஆழ்ந்த பக்தியுடையவர்; அவருடைய மகள் ஒரு கன்னியர். அவருக்கும் ஒரு சோதனை நேர்ந்தது. 1952-இல் உரோமை நகராட்சித் தேர்தலில் கம்யூனிஸ்டுகளைத் தோற்கடிப்பதற்காகப் பழைய பாசிசவாதிகளையும் சேர்த்துக்கொண்டு கூட்டணி அமைக்குமாறு வத்திக்கானில் சிலர் வற்புறுத்தினர். பாசிச ஆட்சியில் சிறைப்பட்டவராகிய தெ கஸ்பெரி அதற்கு இணங்கவில்லை. அதன்பின், தம் திருமண ஆண்டு நிறைவையும் மகளின் வார்த்தைப்பாட்டையும் முன்னிட்டுக் குடும்பத்தோடு பாப்பரசரைச் சந்திக்க அவர் அனுமதி கேட்டபோது, 12-ஆம் பத்திநாதர் மறுத்துவிட்டார். கிறிஸ்தவன் என்ற முறையில் அதனைத் தாழ்மையோடு ஏற்பதாகவும், நாட்டின் பிரதமர் என்ற முறையில் விளக்கம் கோருவதாகவும் அவர் தெரிவித்தார். கட்சிக்கு முத்திரை அளித்தால் கட்சியின் கணக்கு வழக்குகளிலும் திருச்சபை சிக்கிக்கொள்ளும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு. அன்று மறுக்கப்பட்ட அவ்வில்லறத்தாருக்கே புனிதர் பட்டம் அளிப்பதற்கான நடைமுறை பின்னர் தொடங்கப்பெற்று, இன்று அவர் இறை ஊழியர் எனப் போற்றப்படுகிறார்.

அவருக்குப் பின் வந்தோர் அனைவரும் அவரைப்போல் இருக்கவில்லை. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அக்கட்சி இடைவிடாது ஆட்சியில் பங்கு கொண்டது. கம்யூனிஸ்டுகள் வந்துவிடக் கூடாது என்ற ஒரே காரணத்துக்காகக் கத்தோலிக்கர் வாக்களித்து வந்தனர். எப்படியும் வாக்கு வந்து சேரும் என்று அறிந்த கட்சி ஏன் தன்னைத் திருத்திக்கொள்ளும்?

1992 பிப்ரவரி 17-ஆம் நாள் மிலான் நகரின் முதியோர் இல்லம் ஒன்றின் தலைவர், துப்புரவு ஒப்பந்தக்காரரிடம் கையூட்டு வாங்கும்போது பிடிபட்டார். அவர் சோசலிஸ்டுக் கட்சியினர். அந்த ஒரு நூலைப் பிடித்து நீதித்துறையினர் இழுக்க, துணி முழுவதும் பிரிந்து வந்தது. கிறிஸ்தவ சனநாயகக் கட்சி, சோசலிஸ்டுக் கட்சி, லிபரல் கட்சி என நாட்டை ஆண்ட கட்சிகள் அனைத்தும் சிக்கின. சோசலிஸ்டுத் தலைவர் பெத்தினோ கிராக்சி துனீசியாவுக்குச் சென்று, நாடு திரும்பாமலே 2000-இல் இறந்தார். 1994 சனவரியில் கிறிஸ்தவ சனநாயகக் கட்சி கலைந்தது. கிறிஸ்துவின் பெயரைத் தாங்கிய கட்சி ஊழல் வழக்குகளில் அடிபட்டபோது நாணியது கட்சி மட்டுமா?

"எல்லாரும் திருடர்" என்றபின்

கட்சிகள்மீது மக்கள் கொண்ட வெறுப்பு அன்று நியாயமானதே. ஆனால் அவ்வெறுப்பு நாட்டை எங்கே கொண்டு சேர்த்தது? 1994 மார்ச்சில் நடந்த தேர்தலில், தாம் அரசியல்வாதி அல்லர், தொழில்துறையில் வென்றவர் என்று கூறிக்கொண்டு வந்த தொலைக்காட்சி அதிபர் சில்வியோ பெர்லுஸ்கோனி, சில மாதங்களுக்குமுன் தொடங்கிய கட்சியோடு ஆட்சியைப் பிடித்தார். அவரும் 2013-இல் வரி ஏய்ப்புக் குற்றத்துக்காக இறுதித் தண்டனை பெற்றார்.

"எல்லாரும் திருடர்" என்று சொல்பவன் தன்னை ஏமாறாதவனாகக் கருதிக்கொள்கிறான். உண்மையில் அவனே எளிதில் ஏமாறுகிறான். நல்லவரையும் தீயவரையும் ஒரே தராசுத் தட்டில் போட்டபின், நேர்மையாக உழைத்தவனுக்கு அவன் தரும் கைம்மாறு யாது? தீயவனுக்கு அவனால் நேரும் இழப்பு யாது? இரண்டும் இல்லை. அனைவரையும் வெறுப்பவன் தீயவனுக்குச் செய்யும் உதவி பெரிது.

அரசரை வேண்டிய இஸ்ராயேல் மக்களுக்குச் சாமுவேல் இறைவாக்கினர் அளித்த எச்சரிக்கையை நினைவுகூர்வோம். அரசன் உங்கள் புதல்வரையும் வயல்களையும் எடுத்துக்கொள்வான் என்று அவர் ஒளிவுமறைவின்றி உரைத்தார். ஆயினும் அரசன் வந்தபின், அவர் மலையேறித் தனித்திருக்கவில்லை. அவனைக் கண்காணித்தார், தவறியபோது கடிந்தார். அதிகாரத்தின்மீது ஐயமும் நாட்டின்மீது அன்பும் ஒருங்கே வாழக்கூடும் என்பதற்கு அவரே முன்மாதிரி.

சங்கம் கற்பிப்பது

"இன்றைய உலகில் திருச்சபை" என்னும் சங்க ஏட்டின் 76-ஆம் எண், திருச்சபை எந்த அரசியல் அமைப்போடும் தன்னைப் பிணைத்துக்கொள்வதில்லை என்று தெளிவுறுத்துகிறது. அரசு தரும் சலுகைகளில் அது நம்பிக்கை வைப்பதில்லை என்றும் கூறுகிறது. 43-ஆம் எண், நல்லெண்ணமுள்ள கிறிஸ்தவர்கள் ஒரே காரியத்தில் வெவ்வேறு முடிவுக்கு வருவது இயல்பு என்றும், தன் கருத்துக்கு மட்டுமே திருச்சபையின் அதிகாரம் உண்டென எவரும் உரிமை கொண்டாடலாகாது என்றும் போதிக்கிறது. 1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 287-ஆம் எண்ணும், பொது நன்மைக்காக மேலதிகாரம் தேவையெனக் கருதினாலன்றிக் குருக்கள் கட்சிகளில் தீவிரப் பங்கு கொள்ளலாகாதெனப் பணிக்கிறது. இத்தாலிய அனுபவத்துக்குப்பின், 1995 நவம்பரில் பலெர்மோ நகரில் பேசிய பாப்பரசர் 2-ஆம் அருள் சின்னப்பர், எந்தக் கட்சியோடும் அணியோடும் திருச்சபை தன்னை இணைத்துக்கொள்ள எண்ணவில்லை என்று அறிவித்தார்.

அப்படியாயின் திருச்சபை வாய்மூடி இருக்க வேண்டுமா? அன்று. மனித உரிமையும் ஆன்ம மீட்பும் கேட்கும்போது அரசியல் காரியங்களிலும் அறத்தீர்ப்புக் கூறும் உரிமை அதற்கு உண்டென அதே 76-ஆம் எண் கூறுகிறது. 1937-இல் குருத்து ஞாயிறன்று செருமானிய ஆலயங்களில் பாப்பரசர் 11-ஆம் பத்திநாதரின் சுற்றுமடல் வாசிக்கப்பட்டது. இனத்தைக் கடவுளாக்கும் கொள்கையை அது கண்டித்தது; எந்தக் கட்சிக்கும் வாக்குக் கேட்கவில்லை. அறத்தைச் சொல்வது மேய்ப்பரின் பணி. அந்த அறத்தைக் கொண்டு வேட்பாளரை அளப்பது பொதுநிலையினரின் பணி.

நம் இல்லங்களில்

நம் நாட்டுச் சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123-ஆம் பிரிவின்படி, மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பதும், தெய்வ தண்டனை வருமென்று வாக்காளரை அச்சுறுத்துவதும் முறைகேடுகளாம். எனவே பங்கு விழா மேடையில் வேட்பாளருக்குப் பொன்னாடை போர்த்தி "நம்மவர்" என்று அறிமுகப்படுத்துமுன் பங்குப் பேரவையினர் சிந்திக்கட்டும். ஆலயத்துக்குச் சுற்றுச்சுவர் கட்டித் தந்தவர் என்பது ஒருவருடைய ஆட்சித் திறனுக்குச் சான்றாகாது. வேட்பாளர் தரும் நன்கொடைக்குச் சங்கங்களின் பெயரை அடகு வைத்தலும் தகாது.

வேட்பாளர்கள் தம்மீதுள்ள குற்ற வழக்குகளையும் சொத்து விவரங்களையும் உறுதிமொழிப் பத்திரத்தில் வெளியிட வேண்டும் என்பதற்கு உச்ச நீதிமன்றம் 2002-இல் வழி வகுத்தது. அவற்றை எவரும் பார்க்கலாம். குடும்பமாக அமர்ந்து அவற்றைப் படிப்போம். இவர் ஏழையின் வழக்கைக் கேட்பாரா, பிற மதத்தாரை வெறுக்கத் தூண்டுவாரா, சென்ற முறை சொன்னதில் எதைச் செய்தார் என்று வினவுவோம். கணவனும் மனைவியும் வெவ்வேறு முடிவுக்கு வரின், அதனால் இல்லத்தில் அமைதி குலைய வேண்டுவதில்லை. ஒருவர் மனச்சான்றை மற்றவர் மதிப்பதும் ஒரு புண்ணியமே.

எவரும் தகுதியற்றவர் என உண்மையாகவே கண்டால், 2013 முதல் "மேற்கண்ட எவருமில்லை" என்ற வழியும் உண்டு. ஆனால் சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் அதற்கு எத்தனை வாக்கு விழுந்தாலும், வேட்பாளர்களுள் மிகுதியான வாக்குப் பெற்றவரே வெற்றி பெறுவார். எனவே அது ஆராய்ந்தபின் எடுக்கும் முடிவாக இருக்கட்டும். சோம்பலின் மறைவிடமாக வேண்டா. வாக்குக்குப் பணம் வாங்குவதைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? கை நீட்டி வாங்கியவன் "எல்லாரும் திருடர்" என்று சொல்லும்போது தன்னையும் அக்கணக்கில் சேர்த்துக்கொள்கிறான்.

அரசியல் சாக்கடை என்று பிள்ளைகளிடம் சொல்லி வளர்க்கிறோம். நேர்மைக்காக உயிர் துறந்த இங்கிலாந்து அமைச்சர் புனித தோமாஸ் மோர் 2000-ஆம் ஆண்டில் அரசியலாரின் பாதுகாவலராக அறிவிக்கப்பட்டார். ஐரோப்பிய ஒற்றுமைக்கு அடிகோலிய பிரான்சு நாட்டு ராபர்ட் சூமன் 2021-இல் வணக்கத்துக்குரியவர் ஆனார். சாக்கடை என்று ஒதுங்கியிருந்தால் இவர்கள் எங்கிருந்து வந்திருப்பர்? நம் பங்கிலிருந்து நேர்மையான ஓர் ஊராட்சி உறுப்பினர் எழ வேண்டுமென வேண்டுவோம். அவர் எந்தக் கட்சியினர் ஆயினும் தவறு செய்தால் சுட்டிக்காட்டவும் துணிவோம். நம் நெற்றியில் ஞானஸ்நானத்தன்று இடப்பட்ட முத்திரை ஒன்று உண்டு. அது கிறிஸ்துவுக்குரியது. அதை எந்தக் கொடியிலும் ஒட்ட வேண்டா. வாக்குச்சாவடிக்குப் போகும்போது வீட்டில் கழற்றி வைத்துவிட்டும் போக வேண்டா.