பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள்

அமெரிக்க போர்பன், ரை விஸ்கி வாங்குவோர் அறிந்திருக்க வேண்டிய உரிமைகளும் ஆபத்துகளும்

நியூ ஜெர்சியில் வசிக்கும் நண்பர் ஒருவர், தன் மேலாளரின் பணி ஓய்வு விருந்துக்குப் பரிசாகக் கொடுக்க ஒரு போர்பன் விஸ்கி வாங்கினார். விலை 160 டாலர். முன்பக்க லேபிளில் தாடி வைத்த ஒரு முதியவரின் படம், தலைமுறை தலைமுறையாக வந்த செய்முறை என்று ஒரு வரி, கழுத்தில் மெழுகு முத்திரை. என்னிடம் பெருமையோடு காட்டினார். நான் பாட்டிலைத் திருப்பினேன். பார்கோடுக்குப் பக்கத்தில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் இரண்டு வரிகள் இருந்தன. இண்டியானாவில் வடிக்கப்பட்டது. 3 ஆண்டு பீப்பாயில் இருந்தது.

அந்த நிறுவனம் அந்தச் சரக்கை வடிக்கவே இல்லை. வேறு மாநிலத்து ஆலையில் மொத்தமாக வாங்கித் தன் பாட்டிலில் அடைத்திருக்கிறது. அதைவிட வயதும் வீரியமும் கூடிய பாட்டில்கள் அதே கடையின் கீழ்த்தட்டில் 30 டாலர் அளவில் இருந்திருக்கும். சட்டப்படி பார்த்தால் அவரை யாரும் ஏமாற்றவில்லை. சொல்ல வேண்டிய உண்மையைப் பின்பக்கத்தில் சொல்லிவிட்டார்கள். அதைப் படிக்கத்தான் அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இந்தக் கட்டுரை யாரையும் குடிக்கச் சொல்லவில்லை. குடிக்காதவர்கள் அப்படியே இருப்பதுதான் உடம்புக்கு நல்லது. ஆனால் காசு கொடுத்து வாங்குகிறவருக்கு, எதை வாங்குகிறோம் என்று தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. அந்த உரிமை அமெரிக்காவில் சட்டமாகவே எழுதப்பட்டிருக்கிறது.

கலப்படத்துக்கு எதிராகப் பிறந்த சட்டம்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கச் சந்தையில் விஸ்கி என்ற பெயரில் விற்றதில் பெரும்பகுதி உண்மையான விஸ்கி அல்ல. நிறமும் மணமும் இல்லாத வெறும் சாராயத்தில் உலர்ந்த பிளம் பழச்சாறு, புகையிலை போன்றவற்றைக் கலந்து, வருடக்கணக்கில் பீப்பாயில் கிடந்தது போன்ற தோற்றத்தை வரவைத்தார்கள். ஒழுங்காக வடித்தவர்களுக்கு நஷ்டம், குடித்தவர்களுக்கு உடல்கேடு. கெண்டக்கியின் எட்மண்ட் ஹெய்ன்ஸ் டெய்லர் போன்ற வடிசாலை உரிமையாளர்கள் போராடியதன் பலனாக, 1897இல் ‘பாட்டில்ட் இன் பாண்ட்’ சட்டம் வந்தது. உணவு, மருந்துத் தூய்மைச் சட்டமே 1906இல்தான் வந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், இது எவ்வளவு முன்னோடியானது என்று புரியும். 1909இல் அதிபர் டாஃப்ட், எதை விஸ்கி என்று சொல்லலாம் என்ற நீண்ட சண்டைக்குத் தீர்ப்பு வழங்கினார். 1964இல் போர்பன் அமெரிக்காவுக்கே உரிய பொருள் என்று நாடாளுமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது.

சட்டம் காவல் காக்கும் சொற்கள்

லேபிளில் கீழ்க்காணும் சொற்கள் இருந்தால், அவற்றுக்குப் பின்னால் சட்டம் நிற்கிறது.

போர்பன்: தானியக் கலவையில் குறைந்தது 51 விழுக்காடு மக்காச்சோளம். உள்பக்கம் தீயில் கருக்கிய புதிய ஓக் பீப்பாயில்தான் வைக்க வேண்டும். நிறமோ சுவையூட்டியோ சேர்க்கக் கூடாது. குறைந்தது 40 விழுக்காடு ஆல்கஹால் இருக்க வேண்டும். கெண்டக்கியில்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவில் எங்கு வேண்டுமானாலும் செய்யலாம்.

ரை: குறைந்தது 51 விழுக்காடு ரை. இது நம் கம்போ கேழ்வரகோ அல்ல. கோதுமைக்கு உறவான, குளிர்நாட்டுத் தானியம்.

ஸ்ட்ரெயிட்: குறைந்தது 2 ஆண்டு பீப்பாயில் இருந்திருக்க வேண்டும். 4 ஆண்டுக்குக் குறைவென்றால் வயதை எழுதியே தீர வேண்டும். ஆகவே வயது எழுதாத ஸ்ட்ரெயிட் விஸ்கிக்கு 4 வயதாவது ஆகியிருக்கும். எழுதியிருந்தால், கலந்தவற்றில் மிக இளையதன் வயது அது. ரை வாங்குகிறவர்கள் இந்தச் சொல்லை அவசியம் தேட வேண்டும். வெறும் ரை விஸ்கியில் சிறிதளவு நிறமும் சுவையூட்டியும் சேர்க்க விதிகளில் இடமுண்டு. ஸ்ட்ரெயிட் ரையில் அதற்கு இடமில்லை.

பாட்டில்ட் இன் பாண்ட்: ஒரே வடிசாலை, ஒரே வடிப்புப் பருவம், அரசுக் கண்காணிப்பில் உள்ள கிடங்கில் குறைந்தது 4 ஆண்டு, சரியாக 50 விழுக்காடு ஆல்கஹால். எந்த வடிசாலை என்பதும் லேபிளில் இருக்க வேண்டும். அமெரிக்க விஸ்கியில் இவ்வளவு தகவலை இரண்டு மூன்று சொல்லில் தருவது வேறெதுவும் இல்லை.

பிளெண்டட்: பொதுவாக இதில் 20 விழுக்காடு ஸ்ட்ரெயிட் விஸ்கி இருந்தால் போதும், மீதி சுவையற்ற சாராயமாகவும் இருக்கலாம். ‘ஃபிளேவர்டு’ என்றிருந்தால் வாசனை சேர்த்தது. ஆல்கஹால் 30 விழுக்காடு வரை இறங்கலாம்.

அமெரிக்க பாட்டிலில் ‘ப்ரூஃப்’ என்று ஓர் எண் இருக்கும். அதில் பாதிதான் ஆல்கஹால் விழுக்காடு. 100 ப்ரூஃப் என்றால் 50 விழுக்காடு.

சட்டம் கண்டுகொள்ளாத சொற்கள்

‘ஸ்மால் பேட்ச்’, ‘கைவினைத் தயாரிப்பு’, ‘ரிசர்வ்’ என்ற சொற்களுக்குச் சட்டத்தில் வரையறை இல்லை. பத்துப் பீப்பாயும் ஸ்மால் பேட்ச்தான், இருநூறு பீப்பாயும் ஸ்மால் பேட்ச்தான். மேக்கர்ஸ் மார்க் என்ற போர்பனின் பாட்டிலில் ‘கையால் செய்தது’ என்று போட்டிருப்பது ஏமாற்று என்று தொடரப்பட்ட ஒரு வழக்கை, ஃபுளோரிடாவில் கூட்டாட்சி நீதிமன்றம் 2015இல் தள்ளுபடி செய்தது. இத்தகைய சொற்களை நம்பிக் காசு கொடுத்தால் நீதிமன்றமும் கைகொடுக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆனால் எங்கே வடித்தது என்பது வேறு விஷயம். முகவரியில் உள்ள மாநிலமும் வடித்த மாநிலமும் வேறு வேறானால், வடித்த மாநிலத்தை லேபிளில் சொல்ல வேண்டும் என்பது விதி. டெம்பிள்டன் ரை என்ற விஸ்கி, அயோவா மாநிலத்துச் சிற்றூரின் மதுவிலக்குக் காலச் செய்முறை என்று விளம்பரம் செய்யப்பட்டது. வடித்ததோ இண்டியானாவின் லாரன்ஸ்பர்க் நகரில் உள்ள பெரிய ஆலையில். வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள். 2015இல் சமரசம் ஏற்பட்டு, வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பியது; இண்டியானா என்ற பெயரும் லேபிளில் ஏறியது. லாரன்ஸ்பர்க் சரக்கு தரமற்றது என்று இதற்குப் பொருளல்ல. அங்கே அருமையான ரை வடிக்கிறார்கள். மறைத்ததுதான் குற்றம்.

‘வடித்தவர்’ என்றிருக்கிறதா, ‘பாட்டிலில் அடைத்தவர்’ என்று மட்டும் இருக்கிறதா? இந்த ஒரு வேறுபாட்டைக் கவனித்தாலே பாதிக் கதை விளங்கிவிடும்.

நாக்கைச் சாட்சி ஆக்குங்கள்

விலையை மதிப்பிட லேபிளுக்கு அடுத்து நம்பத்தக்கது நம் மூக்கும் நாக்கும்தான். ஆனால் விலையும் பெயரும் தெரிந்துவிட்டால் நாக்கு பொய்ச் சாட்சி சொல்லும். 200 டாலர் என்று தெரிந்த பின் யாருக்கும் அது சுமாராக இருப்பதில்லை.

எனவே வீட்டில் இப்படிச் செய்து பாருங்கள். ஒரே மாதிரியான மூன்று கிளாஸ்களின் அடியில் 1, 2, 3 என்று எழுதி ஒட்டுங்கள். வேறொருவரை அழைத்து, நீங்கள் பார்க்காத நேரத்தில் விலை உயர்ந்தது ஒன்று, நடுத்தரம் ஒன்று, மலிவானது ஒன்று என ஒவ்வொன்றிலும் 15 மி.லி. ஊற்றி, எந்த எண்ணில் எது என்று குறித்துவைக்கச் சொல்லுங்கள். வாயை லேசாகத் திறந்தபடி முகர்ந்தால் சாராய நெடி மூக்கைக் குத்தாது. வெனிலா, காய்ச்சிய சர்க்கரை, தேங்காய் போன்ற மணங்கள் கருக்கிய ஓக் மரத்திலிருந்து வருபவை. மிளகு, கிராம்பு, புதினா போன்ற காரம் ரையின் அடையாளம். ஒரு சொட்டை நாக்கில் வைத்து வாய் முழுதும் பரவவிடுங்கள். பிறகு நாலைந்து சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடியும் முகருங்கள். அடைத்துக் கிடந்த மணங்கள் எழும். விழுங்கிய பின் சுவை எவ்வளவு நேரம் தங்குகிறது, தொண்டையில் மரக்கட்டையைக் கடித்த கசப்பு மிஞ்சுகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கசப்பு முக்கியம். கெண்டக்கியின் கோடைவெயிலில் புதிய பீப்பாயில் நெடுங்காலம் கிடக்கும் விஸ்கி, மரத்தின் துவர்ப்பை அளவுக்கு மீறி உறிஞ்சிக்கொள்ளலாம். ஆண்டுதோறும் ஒரு பங்கு ஆவியாகிப் போவதால் வயதான சரக்கின் விலை ஏறுகிறது. அதற்காகச் சுவையும் அதே அளவு ஏறும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

மதிப்பெண் போட்ட பிறகே அடியில் ஒட்டிய எண்ணை அவர் குறிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரிட்டன்ஹவுஸ் ரை, இவான் வில்லியம்ஸ் பாட்டில்ட் இன் பாண்ட், வைல்ட் டர்க்கி 101 போன்ற சாதாரண விலைச் சரக்குகள் முன்னால் நிற்பது அபூர்வமல்ல.

விலையில் உள்ள பொறி

அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் தயாரிப்பாளர் சொல்லும் சில்லறை விலை கடைக்காரரைக் கட்டுப்படுத்தாது. தயாரிப்பாளர் சில நூறு டாலர் என்று சொல்லும் பேப்பி வான் விங்கிள் என்ற அபூர்வ போர்பன், மறுவிற்பனையில் பல ஆயிரம் டாலருக்குப் போகிறது. பென்சில்வேனியா, ஓரிகன் போன்ற சில மாநிலங்களில் விற்பனை அரசு கட்டுப்பாட்டில் இருப்பதால் விலை நியாயமாக இருக்கும். அபூர்வ பாட்டில்களுக்குக் குலுக்கலும் நடக்கும். அங்கேயும் விழிப்பு வேண்டும். ஓரிகனில் மது ஆணைய அதிகாரிகளே அபூர்வ பாட்டில்களைத் தங்களுக்காக ஒதுக்கிவைத்தது 2023இல் அம்பலமானது.

கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம்தான் விலையை ஏற்றுகிறது. உண்மையில் கெண்டக்கி கிடங்குகளில் ஒரு கோடிக்கும் அதிகமான பீப்பாய்கள் பதமாகிக்கொண்டிருக்கின்றன. அவசரப்பட ஒரு காரணமும் இல்லை.

போலியும் கள்ளச்சந்தையும்

அபூர்வ விஸ்கிகளின் காலி பாட்டில்கள் இணையத்தில் விலைபோகின்றன. அவற்றில் மலிவுச் சரக்கை ஊற்றி மூடி விற்கிறார்கள். ஒருமுறை காலியான பாட்டிலை மீண்டும் நிரப்பி விற்பது அமெரிக்கச் சட்டப்படி குற்றம். மூடியைச் சுற்றிய பிளாஸ்டிக் உறை மங்கலாகவோ சுருங்கியோ இருக்கிறதா, கண்ணாடியில் அச்சிட்ட தொகுதிக் குறியீடு அழிந்திருக்கிறதா, சரக்கு நிற்கும் மட்டம் வழக்கத்தைவிடக் குறைவா என்று பாருங்கள்.

உரிமம் இல்லாத தனிநபர் மது விற்பது பெரும்பாலான இடங்களில் சட்டவிரோதம். கெண்டக்கியில் 2018 முதல், தனிநபர்களிடமுள்ள பழைய, திறக்காத பாட்டில்களை உரிமம் பெற்ற கடைகள் வாங்கி விற்கலாம். அந்த வழி பாதுகாப்பானது. சமூக வலைத்தளத்தில் பாதி விலைக்குத் தருகிறேன், பணத்தை உடனே அனுப்பு, பரிசு அட்டையாகக் கொடு என்று கேட்டால் அது மோசடி. அமெரிக்க அஞ்சல் துறை மூலம் தனிநபர்கள் மது அனுப்பக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஊருக்குக் கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 70 விழுக்காட்டுக்கு மேல் ஆல்கஹால் உள்ள பாட்டில்களை விமானத்தில் ஏற்ற முடியாது. இந்தியாவுக்குள் வரியின்றி 2 லிட்டர் வரை அனுமதி. இந்தியாவில் போர்பன் மீதான இறக்குமதி வரி 2025 பிப்ரவரியில் 150 விழுக்காட்டிலிருந்து 100 ஆகக் குறைந்தது. நம் ஊர்க் கடையில் காணும் விலையில் வரிதான் பெரும்பங்கு. அதைத் தரத்தின் அளவுகோலாகக் கொள்ளாதீர்கள்.

உடலுக்கு உள்ள ஆபத்து

அமெரிக்காவில் ஓர் அளவுப் பானம் என்பது 14 கிராம் ஆல்கஹால். 40 விழுக்காடு விஸ்கியில் அது 44 மி.லி. அதே 44 மி.லி. 65 விழுக்காடு விஸ்கியாக இருந்தால் ஒன்றரைப் பானத்துக்கும் மேல் ஆகிவிடும். மேலே சொன்ன மூன்று சிறு கிளாஸ்களும் 50 விழுக்காடு என்றால், அவையே ஒரு பானத்தைத் தாண்டிவிடும். அதற்குப் பின் வண்டியைத் தொடாதீர்கள்.

மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகவே சொன்னது. புற்றுநோயை உண்டாக்கும் பொருட்களின் முதல் வகையில் மது 1988 முதல் இருக்கிறது. எவ்வளவு உயர்ந்த சரக்காக இருந்தாலும் ஈரலுக்கு வேறுபாடு தெரியாது. கர்ப்பிணிகளும், பாராசிட்டமால் உள்ளிட்ட மருந்துகளைத் தொடர்ந்து எடுப்பவர்களும் தவிர்க்க வேண்டும். சேகரிப்பு என்று தொடங்கியது தினசரிப் பழக்கமாகிவிட்டதாகத் தோன்றினால் வெட்கப்படாமல் உதவி கேளுங்கள். அமெரிக்காவில் 1-800-662-4357 என்ற எண்ணில் இலவசமாக, 24 மணி நேரமும் வழிகாட்டுகிறார்கள்.

ஏமாந்துவிட்டால் என்ன செய்வது?

ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கடன் அட்டையில் வாங்கியிருந்தால், போலி என்று தெரிந்ததும் வங்கியிடம் ஆட்சேபம் எழுப்பலாம். பாட்டிலைக் காலி செய்யாமல், மூடி, உறை, குறியீடு எல்லாவற்றையும் படமெடுத்துத் தயாரிப்பு நிறுவனத்துக்கு அனுப்புங்கள்.

லேபிளில் பொய் இருந்தால், லேபிள்களுக்கு ஒப்புதல் தரும் கூட்டாட்சி அமைப்பான மது, புகையிலை வரி மற்றும் வணிகப் பணியகத்திடம் புகார் செய்யலாம். அது ஒப்புதல் அளித்த லேபிள்களை எல்லோரும் இணையத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். வாங்கும் முன்பே பார்ப்பது இன்னும் நல்லது. கடைக்காரர் மீதான புகாருக்கு மாநில மதுக் கட்டுப்பாட்டு ஆணையமும், தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவும் இருக்கின்றன. இணைய மோசடியைக் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்திடம் தெரிவிக்கலாம்.

ஒருவர் பேசி என்ன ஆகப்போகிறது என்று நினைக்க வேண்டாம். 2013 பிப்ரவரியில் மேக்கர்ஸ் மார்க் நிறுவனம், சரக்கு போதவில்லை என்று சொல்லி வீரியத்தை 45 விழுக்காட்டிலிருந்து 42 ஆகக் குறைப்பதாக அறிவித்தது. குடிக்கிறவர்கள் கடிதமாக எழுதிக் குவித்தார்கள். ஒரு வாரம் கழிந்ததும் நிறுவனம் மன்னிப்புக் கேட்டுப் பழைய வீரியத்துக்கே திரும்பியது. மறைக்காமல் அறிவித்தார்கள், அதனால் கேள்வி கேட்க முடிந்தது. லேபிளில் உள்ள எண்ணைப் படிக்கிறவர்கள் இருந்தார்கள், அதனால் கேள்வி கேட்டார்கள்.

நண்பர் அந்த 160 டாலர் பாட்டிலை மறுநாளே, திறக்காமல், ரசீதோடு கடைக்கு எடுத்துப் போனார். அவர்கள் மாற்றிக் கொடுக்கச் சம்மதித்தார்கள். கீழ்த்தட்டிலிருந்து ஒரு பாட்டில்ட் இன் பாண்ட் ரையை எடுத்து, முன்பக்கத்தைப் பார்க்கும் முன்பே பின்பக்கத்தைத் திருப்பிப் படித்தார். மிச்சப் பணத்தில் மேலாளருக்கு ஒரு நல்ல பேனாவும் வாங்கினார்.