மனவுறுதிக்கு ஒரு பிடிமானம்

தண்டுவடத்தில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்த ஒருவர் மறுபடி தலைநிமிர்ந்து வாழ்ந்தால், "எல்லாம் அவருடைய மனவுறுதி" என்று மெச்சுகிறோம். அப்படிச் சொல்லும்போதே, மீள முடியாதவருக்கு உறுதி போதவில்லை என்றும் சொல்லாமல் சொல்லிவிடுகிறோம். இது பெரிய அநியாயம். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு இப்படி அடிபட்டவர்களில் பெரும்பாலானோர் அதிக காலம் உயிரோடு இருக்கவில்லை. அவர்களுடைய உயிரைக் குடித்தவை படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே நசுங்கும் தோலுக்கு ரத்தம் போகாது. வலி தெரியாததால் படுத்திருப்பவருக்கே அது தெரியாது. 1944-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடப் பிரிவைத் தொடங்கிய லுட்விக் குட்மன், இரவு பகல் பாராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்றார். கூடவே தொழிற்பயிற்சி, விளையாட்டு. 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து வில்லெடுத்தார்கள். பாராலிம்பிக்கின் விதை அது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு காயம்பட்டவர்களும் மன உறுதியில் குறைந்தவர்களாக இருந்திருக்க முடியாது. அவர்களைப் புரட்டிவிட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸின் கதையை இந்தக் கண்ணோடு படிக்க வேண்டும். 1954-ல் நடந்த கார் விபத்து அவருடைய கால்களை முடக்கியது. அதே கல்லூரியில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களைச் சீராக்கிக்கொண்டிருந்தவர் பால் பிராண்ட். நல்ல தசைநாண் ஒன்றை இடம் மாற்றித் தைத்து, விரலை மறுபடி இயங்க வைக்கும் நுட்பமான அறுவை அது. அதை உட்கார்ந்தபடியே செய்யலாம். அந்த வேலைக்கு வரும்படி அவர் மேரியை ஊக்கினார். மேரி சக்கர நாற்காலியில் இருந்தே கத்தி பிடித்தார். பிறகு ஆஸ்திரேலியாவில் தனக்கான மறுவாழ்வுச் சிகிச்சை, நியூயார்க்கில் அதே துறையில் உயர்பயிற்சி. திரும்பி வந்து வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையை நடத்தினார். 1966-ல் நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் நிலையமும் அங்கே வந்தது. அவருடைய துணிவு அசாதாரணமானது, மறுக்கவில்லை. ஆனால் அந்தத் துணிவு பற்றிக்கொள்ள, அவரால் செய்யக்கூடிய ஒரு வேலையைப் பக்கத்தில் இருந்தவர் கண்டு காட்டினார்.

மேரி ஒரு டாக்டர்; சாரத்திலிருந்து விழுந்த கொத்தனாருக்கும் பனையிலிருந்து விழுந்த தொழிலாளிக்கும் இதெல்லாம் கிடைக்குமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கிடைக்காததுதான் என் வாதத்துக்கே ஆதாரம்: உறுதி எல்லா வீட்டிலும் உண்டு, ஏற்பாடு சில இடங்களில்தான் உண்டு. பணம் இருந்தால்தான் ஏற்பாடா என்றால், இரண்டு மணிக்கொருமுறை புரட்டிவிட விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். சொல்லிக்கொடுத்தால் வீட்டாரே செய்யலாம். 1975-ல் கடற்படைத் தேர்வின்போது கழுத்தில் அடிபட்டுக் கை கால் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-ல் சொந்தச் சிற்றூரான ஆய்க்குடியிலேயே மாற்றுத்திறனாளிகளின் மறுவாழ்வுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். பெருநகரத்தில்தான் முடியும் என்பதற்கு அது பதில். சட்டமும் ஒரு ஏற்பாடுதான்: பணியில் இருக்கும்போது ஊனமுற்ற அரசு ஊழியரை வேலையிலிருந்து நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது, பழைய வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும் என்கிறது 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். கொத்தனாருக்கும் பனைத் தொழிலாளிக்கும் அந்தக் காப்பு இன்னும் எட்டவில்லை.