பம்பரம் காட்டிய வடதிசை

நம் கல்லூரி மாணாக்கருள் இளமையிற் பம்பரம் விட்டறியாதார் மிகச் சிலரே யாவர். கயிற்றினின்று கழன்று தரையில் வீழ்ந்த பம்பரம், வேகங் குன்றாதவரையில் தலைநிமிர்ந்து அசைவற்று நிற்கும். அதனைத் தூங்குகிறது என்று சிறுவர் கூறுவர். இத்தூக்கத்தைக் கொண்டு கடலிற் கப்பலுக்கும் வானில் விமானத்துக்கும் வழிகாட்டலாமென்று கண்டு, அதனையே பெருந்தொழிலாக வளர்த்தவர் எல்மர் ஸ்பெர்ரி என்னும் அமெரிக்கர். அவருடைய தொழில் வாழ்க்கையையும், அதற்கு அடிப்படையான யந்திர நுட்பத்தையும் இங்கே ஒருவாறு விளக்க முற்படுகின்றோம்.

ஸ்பெர்ரி 1860ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் நியூயார்க் மாகாணத்துக் கார்ட்லண்டு என்னும் ஊரை அடுத்த நாட்டுப்புறத்திற் பிறந்தார். பிள்ளையைப் பெற்ற உடனே தாய் இறந்துபட, உறவினரே அவரை வளர்த்தனர். கார்ட்லண்டிலிருந்த ஆசிரியப் பயிற்சிப் பள்ளியிற் சிலகாலம் கற்றார். அயலிலிருந்த கார்னெல் சர்வகலாசாலையிற் சில விரிவுரைகளைக் கேட்டார். பட்டம் யாதும் பெற்றாரல்லர். 1876இல் பிலடெல்பியா நகரில் நடந்த நூற்றாண்டுப் பொருட்காட்சியைக் கண்டது அவர் உள்ளத்தை யந்திரங்களின்பாற் செலுத்திற்று. இருபது வயதளவில் சிக்காகோ நகரம் புகுந்து, வில்விளக்கு என்னும் மின்சார விளக்குகளைச் செய்து விற்கும் கம்பெனி ஒன்றை 1883இல் நிறுவினார்.

அதன்பின் இருபத்தைந்து ஆண்டுகள் அவர் செய்த தொழில்கள் பல: சுரங்கத்தில் நிலக்கரி வெட்டும் மின்சாரக் கருவி, டிராம் வண்டி, மின்கலத்தால் ஓடும் மோட்டார் வண்டி. இவற்றையெல்லாம் விரித்தல் வேண்டா. ஒரு தொழிலில் தீர்வுகாணாத சிக்கல் உள்ளவரை அவர் அதில் நின்றார். பெரிய கம்பெனிகள் அதனுட் புகுந்து போட்டியிடத் தொடங்கியவுடன் தம் உரிமைகளை விற்றுவிட்டு வேறொன்றை நாடினார். இதனை நிலையின்மை என்பாரும் உளர். எமக்கு அது விவேகமாகவே தோன்றுகின்றது. முதலாளியாய் அமர்ந்து இலாபங் கணக்கிடுவதினும் புதுமை காண்பதையே அவர் மனம் விரும்பிற்று.

1907ஆம் ஆண்டளவில் அவர் கவனம் சுழல்சக்கரத்திற் படிந்தது. அக்காலத்துக் கப்பல்களின் இடர்ப்பாட்டை இங்கு அறிதல் வேண்டும். மரக்கலங்களின் காலத்திற் காந்தவூசியே போதியதாயிருந்தது. கப்பலை எஃகினாற் கட்டத் தொடங்கியபின், அவ்வெஃகே ஊசியைத் தன்பால் இழுத்து மயக்கிற்று. போர்க்கப்பலிற் கனத்த பீரங்கி மேடை ஒருபுறந் திரும்பினும் ஊசி பிறழும். சுற்றிலும் எஃகு மூடிய நீர்மூழ்கிக் கப்பலிலோ அதன் நிலை பரிதாபம். திசையில் ஒரு பாகை பிழைபட்டால், அறுபது கடல்மைல் சென்றபின் கப்பல் ஒரு மைல் விலகி நிற்கும். இருட்காலத்திற் பாறையில் மோதுதற்கு அவ்வளவு போதும்.

இனி, சுழல்சக்கரம் செய்வதென்ன? மூன்று வளையங்களுக்குள் எத்திசையும் திரும்புமாறு தொங்கவிட்ட கனமான சக்கரத்தை மிக விரைவாய்ச் சுழற்றினால், அதன் அச்சு வானத்தில் எவ்விடத்தை நோக்கியதோ அவ்விடத்தையே நோக்கி நிற்கும். பூமி சுழன்றாலும் அச்சு சுழலாது. இதனைப் பிரெஞ்சு விஞ்ஞானி பூக்கோ 1852இல் காட்டினார். ஆயினும் இஃது இன்னும் திசைகாட்டியன்று. வடக்கைத் தானே தேடும் குணம் அதற்கில்லை.

அக்குணத்தை ஊட்டுவது ஒரு சிறு பாரம். சைக்கிள் சக்கரம் ஒன்றின் அச்சை இரு கைகளாலும் பிடித்துச் சுழலச்செய்து, ஒரு முனையைக் கீழே அழுத்திப் பார்க்க. அது கீழே சாயாமற் பக்கவாட்டில் திரும்ப முயலும். நம் பௌதிக ஆய்வுக்கூடத்தில் இதனைச் செய்து வியவாதார் இலர். இப்போது கிழக்கு மேற்காகக் கிடக்கும் அச்சையுடைய சுழல்சக்கரத்தின் சட்டத்தடியிற் பாரம் ஒன்றைக் கட்டினோமென்க. பூமி மணிக்குப் பதினைந்து பாகை சுழல்வதால் அச்சின் ஒரு முனை மெல்ல மேலெழுவதுபோலாகும். உடனே பாரம் அதனைக் கீழே இழுக்கும். அச்சோ கீழிறங்காமற் பக்கவாட்டில் திரும்பும். இவ்வாறு திரும்பித் திரும்பி, பூமியின் அச்சுக்கு ஒத்த தென்வடல் கோட்டை அடைந்து, இருபுறமும் சிறிது ஊசலாடி, அதற்கென அமைத்த தடையால் அவ்வூசல் அடங்க அமைதியுறும். காந்தத்தின் உதவி சிறிதும் இல்லை. ஆதலின் எஃகு அதனை மயக்காது. அது காட்டுவதும் காந்த வடக்கன்று, உண்மை வடக்கு.

இதனை முதலில் நடைமுறைக்குக் கொணர்ந்தவர் ஸ்பெர்ரி அல்லர் என்பதை மறைத்தல் நேர்மையாகாது. ஜெர்மானியராகிய ஹெர்மன் அன்ஷுட்ஸ் என்பவர், கலை வரலாறு கற்றவர், நீர்மூழ்கிக் கப்பலில் வடதுருவம் செல்ல எண்ணி, 1908இல் தம் கருவியை ஜெர்மன் கடற்படையினருக்குக் காட்டிவிட்டார். ஸ்பெர்ரி 1910இல் புருக்ளினில் தம் கம்பெனியை நிறுவினார். 1911இல் அவர் கருவி டெலவேர் என்னும் அமெரிக்கப் போர்க்கப்பலில் ஏறிற்று. 1914இல் அன்ஷுட்ஸ் அவர்மீது உரிமை வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கில் நிபுணராக நின்று கருத்துரைத்தவர் வேறு யாருமல்லர், ஆல்பர்ட் ஐன்ஸ்டைனே. ஜெர்மனியில் தீர்ப்பு அன்ஷுட்ஸ்பால் ஆயிற்று.

ஆயினும் ஸ்பெர்ரியின் தனிப்பெருமை வேறிடத்தில் உள்ளது. பூமத்திய ரேகையில் பூமியின் மேற்பரப்பு மணிக்கு 900 கடல்மைல் கிழக்கு நோக்கி ஓடுகின்றது. அங்கே வடக்கு நோக்கி 20 கடல்மைல் வேகத்திற் செல்லுங் கப்பலில், அவ்விரு வேகங்களும் கலத்தலால் கருவி ஏறக்குறைய ஒன்றேகால் பாகை பிழை காட்டும். அறுபதாம் பாகை அட்சரேகையில் அப்பிழை இருமடங்காகும். மாலுமி ஒவ்வொரு முறையும் அட்டவணை பார்த்துக் கழிக்க வேண்டிய இப்பிழையை, வேகத்தையும் அட்சரேகையையும் முள் திருப்பி அமைத்தவுடன் கருவியே கழித்துக்கொள்ளுமாறு ஸ்பெர்ரி செய்தார். கப்பலின் அடித்தட்டில் இருக்கும் தாய்க்கருவியினின்று மின்கம்பி வாயிலாகப் பல இடங்களுக்கும் திசையை அறிவிக்கும் சேய்க்கருவிகளும் வைத்தார். கணக்கறியாத மாலுமியும் பயன்கொள்ளுமாறு செய்தது சிறு காரியமன்று.

உணர்ந்தது பிழையென்றால் அதனைத் தானே திருத்தும் யந்திரம் என்னும் எண்ணம் அங்கிருந்து விமானத்துக்குத் தாவிற்று. அவர் மகன் லாரன்ஸ், 1914 ஜூன் மாதம் பாரிஸ் நகரையடுத்து ஸேன் நதியின்மேல் நடந்த பந்தயத்தில், தம் இரு கைகளையும் உயரத் தூக்கியபடி விமானத்திற் பறந்தார். உடன்சென்ற யந்திரத் தொழிலாளி இறக்கைமேல் நடந்து சென்றார். விமானம் சாயவில்லை; சுழல்சக்கரங்கள் அதனை நேரே பிடித்து நிறுத்தின. அப்போது லாரன்ஸுக்கு வயது இருபத்தொன்று. பரிசு 50,000 பிராங்கு. முதல் மகாயுத்தத்தில் இதே நுட்பத்தைக் கொண்டு ஆளில்லா வெடிவிமானம் செய்யத் தந்தையும் மகனும் முயன்றனர் என்பதையும் கூறிவைத்தல் வேண்டும். கருவிக்கு நன்று தீதில்லை யென்று சிலர் வாதிப்பர். நாம் அவ்வாதத்தை அவ்வளவு எளிதில் ஏற்கமாட்டோம்.

1923 டிசம்பரில் லாரன்ஸ் தனியே ஒரு சிறு விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கப் புறப்பட்டுக் கடலில் மூழ்கி மாண்டார். கடலிலும் வானிலும் வழிதவறாமைக்கே வாழ்நாளைச் செலவிட்ட தந்தைக்கு அப்போது வயது அறுபத்துமூன்று.

அதன்பின்னும் அவர் ஓய்ந்தாரல்லர். தண்டவாளத்தினுள் கண்ணுக்குப் புலப்படாத வெடிப்புகளால் ரெயில்கள் கவிழ்ந்தன. தண்டவாளத்திற் பெருமின்னோட்டம் செலுத்தி, வெடிப்புள்ள இடத்தில் அதன் காந்த விசை பிறழ்வதை உணர்ந்து காட்டும் சோதனை வண்டியை 1928இல் ஓடவிட்டார். மறு ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள், நியூயார்க்கையடுத்த மிட்செல் மைதானத்தில், ஜிம்மி டூலிட்டில் என்னும் விமானி, வெளியே யாதும் தெரியாதபடி மூடிய ஆசனத்திலிருந்து விமானத்தை மேலெழுப்பிச் சுற்றிவந்து இறக்கினார். அவர் நோக்கியவற்றுள், விமானத்தின் சாய்வைக் காட்டும் செயற்கைத் தொடுவானமும், திசையைக் காட்டும் சுழல்கருவியும் ஸ்பெர்ரி கம்பெனியிற் செய்யப்பட்டவை. அவற்றை ஆக்குவதில் முன்னின்றவர் எல்மர் என்னும் தந்தையின் பெயரையே தாங்கிய இளைய மகன்.

கம்பெனி அதற்குள் பிறர் கைக்கு விற்கப்பட்டிருந்தது. 1930 மார்ச்சில் மனைவி ஸூலா இறந்தார். மூன்று திங்கள் கழித்து, ஜூன் 16ஆம் நாள், புருக்ளினில் ஸ்பெர்ரியும் காலமானார். அவர் பெயரில் அப்போது முந்நூற்றைம்பதுக்கு மேற்பட்ட உரிமைப் பத்திரங்கள் இருந்தன.