அள்ளித் தின்னும் கை – 9: சிகாகோ பிள்ளைகளின் தட்டு

இந்த வாரம் இரும்புச்சத்து என்று சொல்லியிருந்தேன். வரும், கடைசியில் கொஞ்சம் வரும். அதற்குள் சிகாகோ குறுக்கே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஆசிரியர் வற்புறுத்தலில் இரண்டு வரி: ஆறு மாதம் முடிந்து, தலை நின்று, பிடிக்காமல் உட்காரவும் கண்ணில் பட்டதை எடுத்து வாய்க்குக் கொண்டுபோகவும் தெரிந்த பிள்ளைக்கு, கூழாக்கி ஊட்டாமல் தானே எடுத்துத் தின்னக் கொடுப்பது பற்றிய தொடர் இது. ஓங்கரிப்பது வேறு, தொண்டை அடைத்துக்கொள்வது வேறு. மற்றதற்குப் பழைய இதழ்களைத் தேடிக்கொள்ளுங்கள்.

எட்டு வாரமாக எனக்கு வரும் கடிதங்களில் பாதி ஒரே கேள்விதான். "பிள்ளை பாட்டுக்கு எடுத்துத் தின்னட்டும் என்கிறீர்களே, அதற்கு என்ன தெரியும்? எது வேண்டும், எவ்வளவு வேண்டும் என்று அந்தப் பச்சை மண்ணுக்கு எப்படித் தெரியும்?" இந்தக் கேள்வியைக் கிட்டத்தட்ட நூறு வருடத்துக்கு முன்பே ஒரு டாக்டரம்மா பிள்ளைகளிடமே நேராகக் கேட்டுப் பார்த்திருக்கிறார். படித்ததிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனசு போகவில்லை.

கிளாரா டேவிஸ் என்று பெயர். அமெரிக்கர். அந்தக் காலத்து அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் மருந்துச்சீட்டைப் போலவே சாப்பாட்டுச் சீட்டும் எழுதினார்கள். இந்த மாதத்தில் இது, இத்தனை அவுன்ஸ், இந்த மணிக்கு. தாய்மார்கள் சீட்டைப் பார்த்துக் கொடுத்தார்கள். பிள்ளைகள் வாயை இறுக்க மூடிக்கொண்டன. சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு மறுபடியும் அதே டாக்டரிடம் வரிசை. இந்தச் சீட்டே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று டேவிஸுக்குத் தோன்றியது.

1926இல் கிளீவ்லாந்தின் மவுண்ட் சினாய் மருத்துவமனையில் மூன்று குழந்தைகளோடு தொடங்கினார். அதன் முடிவுகளை 1928இல் வெளியிட்டார். பிறகு இடம் சிகாகோவுக்கு மாறியது. மொத்தம் 15 குழந்தைகள். சேரும்போது வயது 6 முதல் 11 மாதம். பாலைத் தவிர எதையும் நாக்கில் வைத்து அறியாதவர்கள். அப்படிப்பட்டவர்களைத்தான் தேடிப் பிடித்தார், ஏற்கெனவே ஒன்றைப் பிடிக்கும், ஒன்றைப் பிடிக்காது என்று ஆகியிருக்கக்கூடாதே. வளர்க்க வழியில்லாத ஏழைத் தாய்மார்களின் பிள்ளைகள். சிலர் மெலிந்து கிடந்தார்கள். சிலருக்கு எலும்பு வளையும் ரிக்கெட்ஸ். சிலர் ஆறு மாதம், சிலர் நாலரை வருடம்வரைகூட டேவிஸின் தட்டில் சாப்பிட்டு வளர்ந்தார்கள். பெற்றவளிடமிருந்து பிரித்து வைத்து இப்படி ஒரு சோதனை நடத்த இன்று எந்த நெறிமுறைக் குழுவும் கையெழுத்துப் போடாது. அதையும் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

பட்டியலில் 34 உணவுகள். பால், புளித்த பால், முட்டை, மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி, கோழி, ஈரல், கிட்னி, மூளை, மீன், எலும்பு மஜ்ஜை. கோதுமை, ஓட்ஸ், பார்லி, மக்காச்சோளம். ஆப்பிள், வாழைப்பழம், அன்னாசி, ஆரஞ்சு, தக்காளி. கேரட், பீட்ரூட், பட்டாணி, முட்டைக்கோஸ், காலிஃபிளவர், உருளைக்கிழங்கு. சர்க்கரை கிடையாது. டப்பாவில் அடைத்தது கிடையாது. எதிலும் உப்பு போடவில்லை. உப்பைத் தனியாக ஒரு கிண்ணத்தில் வைத்தார்கள். ஒன்றோடு ஒன்று கலந்த பதார்த்தமும் இல்லை. எல்லாம் ஒரே நேரத்தில் வராது. ஒரு வேளைக்குப் பத்துப் பன்னிரண்டு கிண்ணம் தட்டில் வரும்.

பக்கத்தில் ஒரு நர்ஸ், கையில் ஸ்பூன். பிள்ளை ஒரு கிண்ணத்தை நோக்கிக் கை நீட்டினால் அல்லது சுட்டினால் மட்டும் அதிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்துக் கொடுக்கலாம். அதுவும் வாயைத் திறந்தால்தான். கையால் அள்ளினால் அள்ளட்டும். 'இது நல்லதுடா கண்ணு' கிடையாது, 'ஐயே, சிந்தாதே' கிடையாது. முகத்தில்கூட எதுவும் காட்டக்கூடாது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு கிண்ணத்தையும் எடை போட்டு எழுதிக்கொள்வார்கள்.

இந்த நர்ஸ் வேலை எங்கள் பெரியம்மாவுக்குக் கிடைத்திருந்தால் முதல் வேளையிலேயே சீட்டுக் கிழிந்திருக்கும். காக்காயைக் கூப்பிட்டு, நாயைக் கூப்பிட்டு, தெருவில் போகிற தபால்காரரைக் கூப்பிட்டு, பிள்ளை வாயைப் பிளந்த நொடியில் உருண்டையை உள்ளே தள்ளுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. அந்தத் தெருவில் வளர்ந்த நாங்கள் எல்லோரும் தபால்காரருக்கு வளர்ந்தவர்கள்.

சிகாகோ பிள்ளைகளுக்கு வருவோம். முதல் சில வேளைகளில் எது சாப்பாடு என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. வெறும் ஸ்பூனைக் கடித்தார்கள், கிண்ணத்தைக் கடித்தார்கள், தட்டின் விளிம்பையும் அதில் விரித்திருந்த காகிதத்தையும் மென்று பார்த்தார்கள். சில நாளில் தெளிந்துவிட்டது. அதன்பிறகு அவரவர் கணக்கு. ஒரு பிள்ளையின் காலை உணவு, கிட்டத்தட்ட அரை லிட்டர் ஆரஞ்சுச் சாறும் ஈரலும். இன்னொரு பிள்ளையின் இரவு உணவு, பல முட்டைகள், வாழைப்பழம், பால். சில நாட்களுக்கு முட்டை முட்டையாக விழுங்கும், அப்புறம் அதைத் திரும்பிப் பார்க்காது. உப்பைத் தொட்டு வாயில் போட்டுக் கொண்டு, முகத்தைச் சுளித்து, இருமி, சில சமயம் அழுதும்விட்டு மறுபடியும் அதே கிண்ணத்துக்குக் கையை நீட்டும். இரண்டு குழந்தைகள் லெட்டூஸைத் தொடவே இல்லை. ஒரு குழந்தை பசலைக்கீரையைத் தொடவில்லை. என்ன கொடுத்தாலும் கீரையைத் தனியே ஒதுக்கும் இனம் எந்த ஊரிலும் உண்டு போல.

காய்கறிகளைவிடப் பழமும் முட்டையும் பாலும் அதிகம் போயின. அந்த வரிசையில் மேலே இருந்தது, எலும்பு மஜ்ஜை. எங்கள் பக்கத்தில் நல்லி எலும்பு மருமகன் இலைக்குத்தான் போகும். உறிஞ்சும் சத்தம் பந்தி முழுக்கக் கேட்கும். பல் முளைக்காத சிகாகோ பிள்ளைகள் யாரும் சொல்லித்தராமலே மருமகன் பங்கைக் கேட்டிருக்கிறார்கள்!

என்னைத் தூங்கவிடாமல் செய்த செய்தி அடுத்தது. முதல் மூன்று பேரில் ஒரு குழந்தைக்குக் கடுமையான ரிக்கெட்ஸ். வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க டேவிஸுக்கு மனம் வரவில்லை. விதியையும் மீறவில்லை. அவன் தட்டில் மற்றவற்றோடு ஒரு சின்னக் கிளாஸ் காட் மீன் ஈரல் எண்ணெயையும் வைத்தார். குடி என்று யாரும் சொல்லவில்லை. அந்த எண்ணெயின் நாற்றத்தை அறிந்தவர்களுக்குத் தெரியும், நம்மில் பலர் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கிய சாமான் அது. அந்தப் பிள்ளை தானாகவே எடுத்துக் குடித்தது. ஒருநாள் அதிகம், ஒருநாள் கொஞ்சம். ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் ரிக்கெட்ஸ் ஆறிவிட்டது என்று காட்டிய காலத்தை ஒட்டி அந்தக் கிளாஸைத் தொடுவதை நிறுத்திவிட்டது.

உடம்புக்கு எல்லாம் தெரியும் என்று இங்கேயே முரசறைந்து கட்டுரையை முடித்துவிடலாம். பலர் அப்படித்தான் முடித்தார்கள். அமெரிக்க வீடுகளில் குழந்தை வளர்ப்புக்கு வேதமாக இருந்த டாக்டர் ஸ்பாக்கின் 1946ஆம் வருடப் புத்தகத்திலும் டேவிஸின் பிள்ளைகள் வருகிறார்கள். ஒரே ஒரு பிள்ளை எண்ணெய் குடித்ததை வைத்து நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். டேவிஸே போகவில்லை.

1939 ஜூனில் மான்ட்ரியலில் கனடா மருத்துவச் சங்கக் கூட்டத்தில் அவர் மொத்தக் கதையையும் சொன்னார். எல்லாக் குழந்தைகளும் நன்றாகத் தேறினார்கள். மலச்சிக்கல் என்ற பேச்சே இல்லை. ஒருவர் சாப்பிட்டது போல் இன்னொருவர் சாப்பிடவில்லை. பாலும் தானியமும் பிரதானம், பழமும் முட்டையும் கறியும் தொட்டுக்கொள்ள என்று அந்த வயதுக்கு டாக்டர்கள் எழுதிய சீட்டுப்படி 15 பேரில் ஒருவரும் சாப்பிடவில்லை. இவ்வளவையும் அடுக்கிவிட்டு, இதில் ஒரு தந்திரம் இருக்கிறது என்று அவரே உடைத்தார். தந்திரம் அந்தப் பட்டியல். எதை எடுத்தாலும் ஏதோ ஒரு சத்து உள்ளே போகும்படி அவர் முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வைத்தவை அவை. பதப்படுத்திய உணவுகளும் தட்டில் இருந்தால் என்ன ஆகும் என்று பார்க்க அடுத்த சோதனைக்கும் யோசித்து வைத்திருந்தார். பொருளாதார மந்தம் வந்து பணம் நின்றுபோனது.

ஆக, தேர்வு இரண்டு இடத்தில் நடக்கிறது. தட்டில் என்னவெல்லாம் வரலாம் என்பதைப் பெரியவர் தீர்மானிக்கிறார். அதில் எது, எவ்வளவு என்பதைப் பிள்ளை. எனக்குக் கடிதம் எழுதுபவர்கள் இரண்டாவதற்காகப் பதறுகிறார்கள். பதற வேண்டியது முதலாவதற்கு.

நம் வீட்டுத் தட்டைப் பாருங்கள். முதல் பிடிக்கு ஏற்றது என்று இதுவரை நான் சொன்னவை: இட்லியை நீளவாக்கில் வெட்டிய துண்டு (காய்ந்துபோன நேற்றைய இட்லி வேண்டாம், அண்ணத்தில் அப்பிக்கொள்ளும்), வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, பரங்கிக்காய், ஆவியில் வெந்த நேந்திரம்பழம், குழைந்த பருப்புச் சோற்று உருண்டை. பிடிக்க வசதி, ஈறால் நசுக்க வசதி. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து பருக்கை எடுக்க ஒன்பது மாதம் வாக்கில் ஆகும், அதுவரை முழு உள்ளங்கையால்தான் பிடிப்பார்கள். அதனால் துண்டு மூடிய கையைவிட நீளமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். நம் நாக்கில் வைத்து அண்ணத்தோடு அழுத்தினால் நசுங்க வேண்டும். எல்லாம் சரி. ஆனால் இந்தத் தட்டில் பிள்ளையின் கை எங்கே விழுந்தாலும் பெரும்பாலும் மாவுச்சத்துதான். டேவிஸின் தட்டில் கை தவறி விழுந்தாலும் ஈரலிலோ இறைச்சியிலோ விழுந்திருக்கும்.

இரும்புக்கு வந்துவிட்டோம், பார்த்தீர்களா. தாய் வயிற்றிலிருந்து கொண்டுவந்த இரும்புச் சேமிப்பு ஆறு மாத வாக்கில் குறைந்துவிடும். தாய்ப்பாலில் இருப்பது கொஞ்சம். அமெரிக்கக் கணக்கில் 7 முதல் 12 மாதம்வரை பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 11 மில்லிகிராம் வேண்டும், வளர்ந்த ஆண்பிள்ளைக்கு 8 போதும். நியூசிலாந்தில் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் தானே தின்னும் முறையை 206 தாய்-சேய்களிடம் சோதித்தபோது, ஒவ்வொரு வேளையும் இரும்பு மிகுந்த ஓர் உணவு தட்டில் இருந்தே தீர வேண்டும் என்று விதி வைத்ததும் இதனால்தான். சோதனையில் ஊட்டப்பட்ட பிள்ளைகளைவிடத் தானே தின்ற பிள்ளைகளுக்குத் தொண்டை அடைப்பு அதிகமாக இல்லை. ஆனால் வேகாத ஆப்பிள் போன்ற ஆபத்தானவை இரு தரப்புத் தட்டிலும் எட்டிப்பார்த்திருக்கின்றன.

அதனால் ஓர் எச்சரிக்கை: சிகாகோ தட்டை அப்படியே காப்பியடிக்காதீர்கள். அதில் பச்சை இறைச்சியும் பச்சை முட்டையும் இருந்தன. நமக்கு எல்லாம் நன்றாக வேக வேண்டும். பச்சைக் கேரட், பச்சை ஆப்பிள் துண்டுகள், முழு திராட்சை, முழுக் கடலை வேண்டாம். ஒரு வயதுவரை தேனும் வேண்டாம். பிள்ளை தின்னும்போது பெரியவர் ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும், போனைக் கீழே வைத்துவிட்டு.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் எட்டு மாதப் பிள்ளையின் தட்டில் ஆட்டுக்கறி வைத்த அன்று நடந்த பேச்சு காதில் விழுந்தது.

"ஏம்மா, பல்லே இல்ல. எதை வச்சுக் கடிப்பான்?"

"ஈறு இருக்குல்ல அத்தை. உங்க விரலை வச்சுப் பாருங்க."

அத்தை விரலை வைத்துப் பார்த்தார். அதன்பிறகு சத்தமில்லை.

பிள்ளை அந்தக் கறியை மென்றதைவிடச் சப்பியதுதான் அதிகம். சாறு உள்ளே போனது, சக்கை வெளியே வந்தது. அப்படிச் சப்பினால் இரும்பு எவ்வளவு போகும், ஈரலை வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் ஏன் கொடுக்கக்கூடாது, சுவரொட்டி எனும் மண்ணீரல் எப்படி, கறி சேராத வீட்டில் அடையையும் கேழ்வரகையும் வைத்து என்ன செய்யலாம், பக்கத்தில் ஒரு துண்டு கனிந்த கொய்யா ஏன் இருக்க வேண்டும் என்றெல்லாம் எழுதிவைத்த குறிப்பு மேஜையில் அப்படியே கிடக்கிறது. ஆசிரியர் இரண்டு முறை போன் செய்துவிட்டார், பக்கம் முடிந்துவிட்டதாம். நிலக்கடலை பற்றிக் கேட்டவர்கள் இன்னும் ஒரு வாரம் பொறுக்கவும்.

ஈரலை எப்படி வெட்டினால் பிள்ளை கையில் உதிராமல் நிற்கும் என்று எங்கள் கறிக்கடைக்காரரிடம் கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் குறைந்ததும் வரச் சொல்லியிருக்கிறார்.

(தொடரும்)