சுண்ணாம்புக் கல்லும் மூல் கணக்கும்: பிழையான விடைகள் எங்கிருந்து வருகின்றன?

க.பொ.த. (சாதாரண தரம்) விஞ்ஞான வினாத்தாள் பகுதி 1 இல் 40 பல்தேர்வு வினாக்களுக்கு ஒரு மணித்தியாலத்தில் விடையளிக்க வேண்டும். ஒரு வினாவுக்கு ஒன்றரை நிமிடமே கிடைக்கும். மூல் பற்றிய வினாவைக் கண்டதும் மாணவர் பலர் கணித்துப் பார்க்காமலே, நான்கு எண்களில் கண்ணுக்குப் பிடித்த ஒன்றைத் தெரிவு செய்கின்றனர்.

இங்கேதான் புள்ளி போகிறது. பிழையான மூன்று விடைகளும் கண்டபடி போடப்பட்ட எண்கள் அல்ல. ஒவ்வொன்றும் மாணவர் வழமையாக விடும் ஒரு பிழையின் விளைவாகும். ஆகவே பிழையாகக் கணித்தவரும் தமது விடை அச்சிடப்பட்டிருப்பதைக் கண்டு "சரிதான்" என்று அடுத்த வினாவுக்குச் சென்றுவிடுவார்.

நெடுந்தீவு மாணவர்களுக்கு இதற்கான உதாரணம் வீட்டு வேலியிலேயே இருக்கிறது. அங்கே காணியைச் சுற்றி அடுக்கப்பட்டுள்ள பவளக் கற்களும், யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியிலுள்ள சுண்ணாம்புக் கல்லும் பெரும்பாலும் கல்சியம் காபனேற்றே. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 முதல் 1990 வரை சுட்டதும் சுண்ணாம்புக் கல்லைத்தான். (கரையோரத்தில் பவளக்கல் அகழ்வது இன்று சட்டப்படி தடை. கணக்குக்கு மட்டும் எடுத்துக்கொள்வோம்.)

சூளையில் நடப்பது இது:

கல்சியம் காபனேற்று → கல்சியம் ஒட்சைட்டு + காபனீரொட்சைட்டு

சாரணுத் திணிவுகள்: கல்சியம் 40, காபன் 12, ஒட்சிசன் 16. ஆகவே ஒரு மூல் கல்சியம் காபனேற்று 40 + 12 + (3 × 16) = 100 கிராம். அதிலிருந்து 56 கிராம் சுட்ட சுண்ணாம்பும் 44 கிராம் காபனீரொட்சைட்டும் கிடைக்கும். 56 உம் 44 உம் சேர்ந்து மீண்டும் 100 ஆவதைக் கவனிக்குக.

வினா 1. கல்சியம் காபனேற்று 25 கிராம் முற்றாகப் பிரிகையடையும்போது வெளிவரும் காபனீரொட்சைட்டின் திணிவு யாது?
(1) 11 கிராம் (2) 14 கிராம் (3) 25 கிராம் (4) 44 கிராம்

25 ÷ 100 = 0.25 மூல். சமன்பாட்டில் விகிதம் 1 : 1 ஆதலால் வெளிவரும் வாயுவும் 0.25 மூல். 0.25 × 44 = 11 கிராம். விடை (1).

இனி மற்றவற்றைப் பாருங்கள். 14 கிராம் என்பது சுட்ட சுண்ணாம்பின் திணிவு (0.25 × 56). கணக்குச் சரி, கேட்ட பொருள் வேறு. 25 கிராம், 1 : 1 என்ற மூல் விகிதத்தைத் திணிவு விகிதம் என்று எண்ணியவருக்குரியது. 44 கிராம், தரப்பட்ட 25 ஐத் தொடவே தொடாதவருக்குரியது.

நான் கலைப் பட்டதாரி. அதனாலோ என்னவோ, மூல் வினாவை முதலில் ஒரு வாக்கியமாக வாசிக்கும்படியே என் வகுப்பில் கூறுவதுண்டு. தரப்பட்டது எந்தப் பொருள்? கேட்கப்படுவது எந்தப் பொருள்? கேட்கப்படுவது திணிவா, மூலா, எண்ணிக்கையா? இம்மூன்றையும் கீழ்க்கோடிட்ட பின்னரே எண்களைத் தொட வேண்டும். சூத்திரம் மறந்து பிழைவிடுவோரைவிட, வாக்கியத்தை அரைகுறையாக வாசித்துப் பிழைவிடுவோரே அதிகம்.

மூல் என்பதே பலருக்குப் பூச்சாண்டியாகத் தெரிகிறது. இரும்புக் கடையில் ஆணியை எண்ணித் தருவதில்லை, நிறுத்துத் தருவார்கள். ஓர் ஆணியின் நிறை தெரிந்தால் எத்தனை ஆணி என்று சொல்லிவிடலாம். அணுக்களையும் அவ்வாறே நிறுத்து எண்ணுகிறோம். ஒரு மூலில் 6.022 × 10²³ துணிக்கைகள் உள்ளன. அவ்வளவுதான்.

வினா 2. கல்சியம் காபனேற்று 10 கிராமில் உள்ள ஒட்சிசன் அணுக்களின் எண்ணிக்கை யாது?
(1) 6.022 × 10²² (2) 1.807 × 10²³ (3) 3.011 × 10²³ (4) 6.022 × 10²³

10 கிராம் என்பது 0.1 மூல். ஒரு மூல் கல்சியம் காபனேற்றில் 3 மூல் ஒட்சிசன் அணுக்கள் உண்டு, எனவே 0.3 மூல். விடை (2). மூன்றால் பெருக்க மறந்தவர் (1) இல் விழுவார். "ஒட்சிசன்" என்ற சொல்லை விட்டு எல்லா அணுக்களையும் எண்ணியவர் (கல்சியம் 1, காபன் 1, ஒட்சிசன் 3, மொத்தம் 5) (3) இல் விழுவார்.

உப்பு வினாவுக்கு வருவோம். கடல்நீர் ஒரு கிலோகிராமில் பொதுவாக ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. குளோரைட்டு அயன் மட்டும் அரை மூலுக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். பரீட்சையில் எண்கள் இலகுவாகத் தரப்படும்.

வினா 3. சோடியம் குளோரைட்டு 11.7 கிராமை நீரில் கரைத்து 500 கன சென்ரிமீற்றர் கரைசல் தயாரிக்கப்பட்டது. ஒரு கன தெசிமீற்றருக்கு மூல் எண்ணிக்கையில் அதன் செறிவு யாது? (சோடியம் 23, குளோரீன் 35.5)
(1) 0.1 (2) 0.2 (3) 0.4 (4) 23.4

11.7 ÷ 58.5 = 0.2 மூல். கனவளவு 0.5 கன தெசிமீற்றர். 0.2 ÷ 0.5 = 0.4. விடை (3). வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கினால் 0.1 வரும், கனவளவை மறந்தால் 0.2, மூலாக மாற்றாமல் கிராமிலேயே நின்றால் 23.4.

வெப்பம் பற்றிய வினாவுக்கும் சுண்ணாம்பே போதும். கல்லைச் சுட வெப்பம் கொடுக்க வேண்டும்: ஒரு மூலுக்கு ஏறத்தாழ 178 கிலோயூல். ஆகவே அது அகவெப்பத் தாக்கம். சுட்ட சுண்ணாம்பில் நீர் ஊற்றினால் சீறிக் கொதிக்கும்: ஒரு மூலுக்கு ஏறத்தாழ 65 கிலோயூல் வெளிவரும். அது புறவெப்பத் தாக்கம். தொகுதியிலிருந்து வெப்பம் புறத்தே செல்வதால் சூழல் சூடாகிறது. "பாத்திரம் சுட்டது, ஆகவே வெப்பம் உறிஞ்சப்பட்டது" என்று எழுதுவோர் பாத்திரமும் நீரும் சூழல் என்பதை மறந்துவிடுகின்றனர்.

வினா 4. சுட்ட சுண்ணாம்பு நீறும்போது வெளியான வெப்பத்தால் வேறொரு பாத்திரத்திலிருந்த 200 கிராம் நீரின் வெப்பநிலை 30 பாகை செல்சியசிலிருந்து 40 பாகை செல்சியசுக்கு உயர்ந்தது. நீர் பெற்ற வெப்பம் எத்தனை யூல்? (நீரின் தன்வெப்பக் கொள்ளளவு: ஒரு கிலோகிராமுக்கு, ஒரு பாகைக்கு 4200 யூல்)
(1) 8400 (2) 25 200 (3) 33 600 (4) 8 400 000

0.2 × 4200 × 10 = 8400. விடை (1). (2) உம் (3) உம் வெப்பநிலை உயர்வுக்குப் பதிலாக 30 ஐ அல்லது 40 ஐ இட்டதால் வந்தவை. (4) கிராமைக் கிலோகிராமாக மாற்றாததால் வந்தது.

"முற்றாக" என்ற சொல் வினா 1 இல் ஏன் வந்தது? திறந்த சூளையில் காபனீரொட்சைட்டு வெளியேறிவிடுவதால் தாக்கம் முற்றுப்பெறும். மூடிய பாத்திரத்தில் அது வெளியேற முடியாது. ஒரு பகுதி சுட்ட சுண்ணாம்புடன் மீண்டும் சேர்ந்து கல்சியம் காபனேற்றாகும். முன்தாக்கமும் பின்தாக்கமும் ஒரே வீதத்தில் நிகழும் நிலையே சமநிலை. அப்போது தாக்கம் நின்றுவிட்டது என்று கூறும் விடை பிழையானது. இதன் விரிவை உயர்தரத்தில் படிப்பீர்கள்.

பிழையான விடைக்குப் புள்ளி கழிக்கப்படுவதில்லை. எனவே நேரம் முடிந்தால் வெற்றிடம் விடாமல் ஏதாவதொன்றைக் குறியுங்கள். ஆனால் அதனைக் கடைசி ஐந்து நிமிடத்திற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி. சுவரில் பூசிய நீறிய சுண்ணாம்பு (கல்சியம் ஐதரொட்சைட்டு) வளியிலுள்ள காபனீரொட்சைட்டை எடுத்து, நீரை வெளிவிட்டு, மீண்டும் கல்சியம் காபனேற்றாக இறுகுகிறது. மூல் விகிதம் 1 : 1. கல்சியம் ஐதரொட்சைட்டு 37 கிராம் முற்றாக மாறினால் உண்டாகும் கல்சியம் காபனேற்றின் திணிவு யாது? (ஐதரசன் 1)
(1) 22 கிராம் (2) 37 கிராம் (3) 50 கிராம் (4) 100 கிராம்

விடை (3). ஏனைய மூன்று எண்களும் எந்தெந்தப் பிழையால் வந்தன என்பதை ஓரத்தில் எழுதுக.