கடல் கடந்த பணமும் மொரப்பூர் மண்ணும்

சென்னை-சேலம் ரயில் மார்க்கத்தில் உள்ள மொரப்பூரில், சிங்கப்பூரிலோ துபாயிலோ சம்பாதித்த பொருளைக் கொண்டு சொத்து வாங்க விரும்புகிறவர், சொந்தப் பெயரிலா, கூட்டு வியாபாரமாகவா, கம்பெனி வைத்தா என்று ஆலோசிக்குமுன், எதை வாங்கச் சட்டம் அனுமதிக்கிறது என்று விசாரிப்பதே உசிதம். 1999-ஆம் வருஷத்து அந்நியச் செலாவணி நிர்வாகச் சட்டத்தின் பிரகாரம், வெளிநாட்டில் வசிக்கும் இந்தியப் பிரஜை வீடும் கடையும் தாராளமாக வாங்கலாம். விவசாய பூமியையும், தோட்டத்தையும், பண்ணை வீட்டையும் விலைக்கு வாங்க இயலாது. பிதிரார்ஜிதமாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். புஞ்சையும் மாந்தோப்பும் நிறைந்த இந்தப் பிரதேசத்தில் இது சாமானிய நிபந்தனையன்று.

ஊரிலுள்ள தம்பியோடு கூட்டுச் சேரலாமே என்றால், நிலத்தை வாங்கி விற்று லாபம் காணும் கூட்டு ஸ்தாபனத்தில் அவர் முதலீடு செய்வதற்கும் தடை உண்டு. கம்பெனி அமைத்தாலும் அந்நிய முதலீட்டில் மனை வியாபாரம் கூடாது. குடியிருப்புகள் நிர்மாணிக்கலாம், கட்டிய கடையை வாடகைக்கு விடலாம். வருஷந்தோறும் கணக்குத் தணிக்கையும் அறிக்கைகளும் கேட்கும் அந்தச் சுமையை ஒரு வீட்டுக்காகவும் இரண்டு கடைகளுக்காகவும் சுமப்பது, என் அபிப்பிராயத்தில், அனாவசியம். சகோதரர்கள் கூட்டாகப் பத்திரம் எழுதிக்கொண்டு, ஊரிலிருக்கும் நம்பிக்கையான ஒருவருக்கு வரையறுத்த அதிகாரப் பத்திரம் கொடுப்பதே போதும்.

முன்பணம் கொடுக்குமுன், கிராமக் கணக்கில் அந்த நிலம் புஞ்சையா, மனையா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.