பூட்டைச் செய்தவரிடமும் திறப்பு இல்லை

நாம் அனுப்பும் ஒவ்வொரு செய்தியும் பல கணினிகளைக் கடந்தே மறுமுனையை அடைகின்றது. இடையில் யார் வாசிக்கின்றார்கள் என்ற அச்சம் எம்மவர்களுக்குப் புதிதல்ல. திறந்த மூலச் செயலியான சிக்னல் அந்த அச்சத்தை மனதிற்கொண்டே உருவாக்கப்பட்டது.

அதில் செய்தி, அனுப்புபவரின் கைத்தொலைபேசியிலேயே பூட்டப்படுகின்றது. அதைத் திறக்கும் திறப்பு பெறுபவரின் கருவியில் மட்டுமே இருக்கும். இடையிலுள்ள வழங்கி வெறும் தபாற்காரன். பூட்டு தானாகவே விழுவதால் தொழில்நுட்பம் அறியாத முதியவரும் பாதுகாப்பாகப் பேசலாம். நல்ல வடிவமைப்பு என்பது இதுதான்.

இதை எப்படி நம்புவது? மூலநிரல் பகிரங்கமாக இருப்பதால், துறைசார்ந்த எவரும் சோதித்துப் பார்க்கலாம். 2016 இல் அமெரிக்காவில் விசாரணையொன்றுக்காகப் பயனர் விபரங்கள் கோரப்பட்டபோது, கணக்குத் தொடங்கிய நேரத்தையும் கடைசியாக இணைந்த நாளையும் மட்டுமே சிக்னலால் கொடுக்க முடிந்தது. வேறெதுவும் அவர்களிடம் இருக்கவில்லை.

அதே ஆண்டில் வட்ஸ்அப்பும் இதே பூட்டு முறையை முழுமையாகப் பயன்படுத்தத் தொடங்கியது. ஆனால் அந்தச் செயலியின் மூலநிரல் பகிரங்கமானதல்ல.

எந்தப் பூட்டுக்கும் எல்லை உண்டு. திறந்த நிலையில் தொலைபேசி இன்னொருவர் கைக்குப் போனால், எல்லாச் செய்திகளும் அவர் கண்முன்தான். எனவே திரைக்குக் கடவுச்சொல் இடுங்கள். செய்திகள் தாமாக மறையும் வசதியையும் இயக்கி வையுங்கள். சேமிக்கப்படாததை எவராலும் பறிக்க முடியாது.